பினாங்குச் சகோதரர்களும் நான் கைதட்டச் சொன்ன பையனும்



கொஞ்சம் நீண்ட பதிவு. என் பாடம் எப்போதும் மணி அடித்த பிறகுதான் முடியும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காபி போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சின்னச் சண்டை. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒரு வீடியோ போட்டிருந்தான். வயதான ஒருவர் மேடையில் பாடுகிறார். எதிரே மலாய்க்காரர்கள், சீனர்கள், நம்மவர்கள் என்று அரங்கு நிறைய ஆட்கள். எல்லாரும் கூடவே பாடுகிறார்கள். "அத்தை, இவர் பேர் டேவிட் ஆறுமுகம். நம்ம ஆளு. இங்க இவரைத் தெரியாதவங்க கிடையாது" என்று எழுதியிருந்தான்.

அதற்குக் கீழே எனக்குத் தம்பி முறையாகும் ஒருவர் எழுதினார்: "தமிழன் பேரை வச்சுக்கிட்டு மலாயில பாடறாரு. இதுல நமக்கு என்ன பெருமை?" அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். நான் பதில் எழுத ஆரம்பித்து, அழித்து, மறுபடி எழுதி, அது வளர்ந்து இங்கே வந்து நிற்கிறது. தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். இது உனக்கு மட்டும் எழுதிய பதில் இல்லை. பாதிக்கு மேல் எனக்கே எழுதிக்கொண்டது.

அந்தக் குரல் எனக்குப் புதியது இல்லை. 1984 பங்குனியிலேயே அது எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது.

எங்கள் அம்மாவின் பெரியப்பா மகள், எனக்குச் சின்னம்மா. கல்யாணமான புதிதில் ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, பண்ணாரி அம்மன் குண்டத்துக்கு வேண்டுதல் என்று சொல்லி எம்.வி. சிதம்பரம் கப்பலில் சென்னை வந்து, ரயிலில் ஈரோடு வந்து, பஸ்ஸில் சத்தி வந்து இறங்கினார். அடுத்த வருடமே அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. அத்தோடு கப்பல் பயணமும் நின்றது, சின்னம்மாவின் வரத்தும் நின்றது. அதனால் அந்த ஒரு வருகை எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் தெருவே கூடிவிட்டது. கோடாலித் தைலம், பிஸ்கட் டின், சேலைகள், ஒரு டேப் ரெக்கார்டர், கூடவே நாலைந்து கேசட். அதில் ஒரு கேசட்டின் அட்டையில் தலைமுடி பெரிய தேன்கூடு மாதிரி சுருண்டு நிற்கும் ஆண்கள். ஆப்பிரிக்கர்கள் என்றுதான் நான் நினைத்தேன். "இல்லடி, இவங்க நம்ம பினாங்குப் பசங்க. ஆறுமுகம் மக்க. லோகநாதன், டேவிட்" என்றார் சின்னம்மா.

பாட்டைப் போட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் கால் தானாகத் தட்டியது. எங்கள் அப்பா ஈசிசேரில் இருந்தபடியே கேட்டார்: "தமிழ்ப் பசங்கன்னா தமிழ்ல பாடறதுக்கென்ன?"

சின்னம்மா சொன்ன பதில் நாற்பது வருடமாக என் காதில் இருக்கிறது. "மச்சான், அங்க கடைக்குப் போனாலும் மலாய்தான், ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மலாய்தான், கச்சேரிக்குப் போனாலும் மலாய்தான். நாங்க பேசறப்ப தலை குனிஞ்சுதான் பேசுவோம். இந்தப் பசங்க அதே மலாயில பாடறப்ப, எல்லாரும் நின்னு கேக்கறாங்க."

அப்பா ஒன்றும் சொல்லாமல் ரேடியோவைத் திருப்பிக் கோயம்புத்தூர் வைத்தார். அன்றைக்கு எங்கள் அப்பா கேட்ட கேள்வியைத்தான் போன வாரம் தம்பி கேட்டிருக்கிறார். இடையில் நாற்பது வருடம் ஓடியிருக்கிறது.

இந்தக் குழுவைப் பற்றித் தெரியாத பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

குழுவின் பெயர் அல்லிகேட்ஸ். சந்துக்குள் திரியும் பூனைகள் என்று அர்த்தம். 1960களின் கடைசியில் பினாங்கில் லோகநாதனும் டேவிட்டும் சேர்ந்து தொடங்கியது. குழுவில் வேறு இனத்தவரும் இருந்தார்கள். முதலில் மற்ற எல்லாக் குழுக்களையும் போல ஆங்கிலப் பாட்டுகளைத்தான் பாடினார்கள். 1970களில் ஹாங்காங் போய் அங்குள்ள இரவு விடுதிகளில் பாடிப் பிழைத்தார்கள். ஆடுகிறவர்கள் களைத்து உட்காராமல் இருக்க ராத்திரி முழுக்கப் பாட வேண்டும். இன்றைய பாட்டு நாளைக்குப் பழசு. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவர்கள் அவர்கள்.

அந்தக் காலத்து உலகம் எப்படி இருந்தது என்றால், எங்கு பார்த்தாலும் டிஸ்கோ. அமெரிக்க நகரங்களில் கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் ஆடிய விடுதிகளில் பிறந்து, 1977இல் வந்த 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்தோடு உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் படத்துக்குப் பாடிய பீ கீஸ் குழுவும் மூன்று சகோதரர்கள்தான். இந்தியாவில் 1980இல் 'குர்பானி' படத்தில் நாசியா ஹசன் என்ற சின்னப் பெண் பாடிய பாட்டு டிஸ்கோவை வீட்டுக்கு வீடு கொண்டு வந்தது. அந்தப் பாட்டுக்கு இசையமைத்த பித்து யார் தெரியுமா? திம்பம் ஏறி மைசூர் வழியாகப் போனால் வருகிற பெங்களூர்க்காரர். லண்டன் போய், 1974இல் 'குங் ஃபூ ஃபைட்டிங்' என்ற பாட்டை உருவாக்கி உலகத்தையே ஆட வைத்தவர்.

டிஸ்கோ என்றால் கண்ணாடிப் பந்தும் மினுக்குச் சட்டையும்தான் என்று நினைக்க வேண்டாம். அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. பெரிய டிரம் நாலு அடியையும் சமமாக அடிக்கும், திம் திம் திம் திம் என்று. எந்த அடியிலும் ஏற்றத்தாழ்வு கிடையாது. அதனால்தான் ஆடத் தெரியாதவன் காலும் அதில் தப்பாது. அதற்கு அண்ணன் ஃபங்க். அதில் பேஸ் கிட்டார்தான் எஜமான். பாட்டை இழுத்துக்கொண்டு போவது அதுதான். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். பண்ணாரிக் குண்டத்தன்று தாரை தப்பட்டையும் மலைமக்களின் பீனாட்சி வாத்தியமும் சேரும்போது யார் உங்களை ஆடச் சொன்னது? யாரும் சொல்வதில்லை. உடம்பு கேட்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு மேல் அல்லிகேட்ஸிடம் இன்னொன்று இருந்தது. குரல் சேர்க்கை. நம் வீடுகளில் விடியற்காலையில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் ஒலிக்கும். இரண்டு குரலும் ஒரே சுரத்தில், ஒரே கயிறாகப் போகும். எது அக்கா எது தங்கை என்று பிரிக்க முடியாது. அல்லிகேட்ஸ் போன்ற குழுக்கள் பாடுவது வேறு விதம். ஒருவர் பாட்டை எடுத்துப் போவார். இன்னொருவர் அதற்கு மேலே ஒரு சுரத்தில், மற்றொருவர் கீழே ஒரு சுரத்தில். மூன்று பிரியாகப் பின்னிய சடை மாதிரி. ஒவ்வொரு பிரியும் தனியாகத் தெரியும், ஆனால் சடை ஒன்றுதான். இப்படிப் பாட, நான் சத்தமாகப் பாடுவேன் என்ற ஆசையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவன் குரலுக்குக் காது கொடுக்க வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கு இது கொஞ்சம் சுலபமாக வருகிறது. ஒரே வீட்டில் பேசிப் பழகிய வாய், ஒரே மாதிரி தொண்டை.

மலேசியாவுக்குத் திரும்பிய பிறகுதான் அவர்கள் வாழ்க்கை மாறியது. 1979இல் முதல் மலாய் இசைத்தட்டு வந்தது. அதன் பெயர் 'தெரிமா காசே'. மலாயில் நன்றி என்று அர்த்தம். 'தெரிமா' என்றால் பெற்றுக்கொள், 'காசே' என்றால் அன்பு. நன்றி சொல்வதற்கே "அன்பைப் பெற்றுக்கொள்" என்று சொல்கிற மொழி அது. சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர், பின்னாளில் மலாய் இசையில் பெரிய பெயர், அப்போது இளைஞர். அவர் இவர்களுக்குப் பாட்டுகள் அமைத்துக் கொடுத்தார். 1980கள் முழுக்க இவர்கள் காலம். 'செஞ்யூம்லா கோலாலம்பூர்', அதாவது 'சிரி கோலாலம்பூரே', என்று ஒரு பாட்டு. தலைநகரத்தையே சிரிக்கச் சொல்லிப் பாடியவர்கள் தோட்டக்காட்டுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோன ஒரு சமூகத்தின் பிள்ளைகள்.

அந்த ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். 1969 மே மாதம் கோலாலம்பூரில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையில் பெரிய கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு 1970இலிருந்து ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய் வழிக்கு மாறின. யார் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதை எல்லாரும் கவனித்துக்கொண்டிருந்த காலம். அந்தக் காலத்தில்தான் ஆறுமுகத்தின் மகன்கள் மலாயில் பாடினார்கள். மலாய்க்காரர்கள் அதைத் தங்கள் காதல் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். உன் அப்பா பெயர் என்ன, உன் வீட்டில் என்ன பேசுவாய் என்று கேட்டுவிட்டு ரேடியோவை மூடவில்லை.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருகிறேன். மலாயில் பாடினால் நமக்கு என்ன பெருமை?

தம்பி, நீ தினமும் காலையில் கார் ஓட்டிக்கொண்டே கேட்கும் பாட்டுகளை யார் பாடினார்கள் என்று ஒரு நிமிடம் யோசி. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் குரலாக இருந்த டி.எம். சௌந்தரராஜன் மதுரைக்காரர். அவர் வீட்டு மொழி சௌராஷ்டிரம். பி. சுசீலா விஜயநகரத்தில் பிறந்த தெலுங்குப் பெண். எஸ். ஜானகியும் தெலுங்கு. எஸ்.பி. பாலசுப்ரமணியம் நெல்லூர்ப் பக்கம். பி.பி. ஸ்ரீனிவாஸ் காக்கிநாடா. ஜேசுதாஸ் கொச்சி. நம் தாலாட்டும் ஒப்பாரியும் காதலும் பக்தியும் இவர்கள் தொண்டை வழியாகத்தான் நமக்கு வந்தன. நம் ஊர் ஒலிபெருக்கியில் இவர்களை நீக்கிவிட்டால் கல்யாண வீட்டில் என்ன மிஞ்சும்?

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரைச் சொன்னால் கணக்கு நேராகிவிடும். மலேசியா வாசுதேவன். மலேசியாவில் கிள்ளான் ஊரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். அங்கிருந்து சென்னைக்கு வந்தார். 1977இல் 'பதினாறு வயதினிலே', 1980இல் 'முரட்டுக்காளை'. தமிழ்நாட்டுக் கிராமத்தான் குரல் என்றால் இன்றைக்கும் நமக்கு அவர் குரல்தான். ஒரு மலேசிய மலையாளி நம் கிராமத்துக்குக் குரல் கொடுத்தபோது, "மலையாளி ஏன் தமிழில் பாடுகிறான்?" என்று கேரளத்தில் யாராவது கேட்டிருந்தால் நமக்குச் சிரிப்பு வந்திருக்கும். அதே காலத்தில் மலேசியத் தமிழ்ச் சகோதரர்கள் மலாய்க்காரர்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நாட்டிலிருந்து ஒருவர் இந்தப் பக்கம் வந்தார், இவர்கள் அந்தப் பக்கம் நின்றார்கள். முதலாவதை நாம் கொண்டாடினோம். இரண்டாவதுக்கு மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

உஷா உதுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்ற விடுதியில் காஞ்சிபுரம் சேலை கட்டிக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடத் தொடங்கியவர். பிறகு பப்பி லஹரியின் இசையில் இந்தி டிஸ்கோவின் குரலே அவர்தான். கல்கத்தா அவரைத் தன் மகளாக வைத்துக்கொண்டது. அவர் பொட்டையும் சேலையையும் யாரும் பிடுங்கவில்லை.

நம் ஊர்ப் பக்கத்துக்கே வருகிறேன். கன்னட நாடே அண்ணன் என்று கொண்டாடிய நடிகர் ராஜ்குமார் பிறந்தது எங்கே? தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூரில். பாடகராக 1992க்கான தேசிய விருதும் வாங்கியவர். அவரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது 2000ஆம் வருடத்துக் கடத்தல் மட்டும்தான். நம் மலையில் பிறந்த ஒருவர் இன்னொரு மொழிக்கு உயிராக இருந்தார் என்பது நமக்கு ஒரு செய்தியாகவே வரவில்லை.

சிலர் கேட்பார்கள்: "டீச்சர், இப்படியே போனால் தமிழ் என்ன ஆகும்? வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் தமிழை மறந்துவிடாதா?" நியாயமான கேள்வி. முப்பத்தைந்து வருடம் அ ஆ சொல்லிக் கொடுத்த எனக்கு அந்தக் கவலை உங்களைவிட அதிகம். ஆனால் மலேசியாவைப் பாருங்கள். அங்கே ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழைக் காத்துக்கொண்டு வருவது அந்தப் பள்ளிகளும், அங்கே சம்பளம் குறைவோ நிறைவோ பார்க்காமல் பாடம் நடத்திய வாத்தியார்களும், வீட்டில் தமிழ் பேசிய தாய்மார்களும்தான். டேவிட் மலாயில் பாடியதால் அதில் ஒரு பள்ளிக்கூடமும் மூடவில்லை.

ஒரு பிள்ளையிடம் இன்னொரு மொழியைச் சேர்த்தால் அது சம்பாத்தியம். இருக்கிற மொழியைப் பார்த்து வெட்கப்பட வைத்தால் அது திருட்டு. நாம் பயப்பட வேண்டியது இரண்டாவதுக்கு. அந்தத் திருட்டை யார் செய்வார்கள் என்றால், பெரும்பாலும் அரசாங்கமோ எதிரியோ இல்லை. என்னைப் போன்ற நல்ல எண்ணமுள்ள டீச்சர்கள்தான்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வந்துவிட்டேன். இதுவரை எழுதியதெல்லாம் சுற்றி வளைத்தது.

1996 என்று நினைவு. நான் அப்போது வேலை பார்த்த பள்ளியில், ஏழாம் வகுப்பில் ஒரு பையன். தாளவாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டில் கன்னடம். படிப்புக்காக இங்கே அத்தை வீட்டில் தங்கியிருந்தான். மதியம் சாப்பாடு ஆனதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ராஜ்குமார் பாட்டுப் பாடுவான். தட்டுக் கழுவுகிற பிள்ளைகள் குழாயை மூடிவிட்டு நிற்கும். அப்படி ஒரு குரல்.

அந்த வருடம் பள்ளிகளுக்கிடையே குழுப் பாடல் போட்டி. நான்தான் பயிற்சி கொடுத்தேன். ஆறு பேரைத் தேர்ந்தெடுத்ததில் அவனும் ஒருவன். மூன்று வாரம் சொல்லிக் கொடுத்தேன். சுருதி, தாளம் எல்லாவற்றிலும் அவன்தான் முன்னால். ஒரே ஒரு குறை. ழகரம் வராது. 'தமிழ்' என்பது 'தமிள்' என்று வரும். நாக்கை மடக்கு, மேலே தொடாதே என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டும் இருந்தது.

போட்டிக்கு முந்தின நாள், ஒத்திகை பார்க்க வந்த உடன் வேலை செய்யும் ஒருவர் அவன் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டார். பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகிவிட்டது. அந்த அவமானத்தை நான் வைத்துக்கொள்ளாமல் அவன் தலையில் இறக்கிவைத்தேன். "கண்ணு, நாளைக்கு நீ பாட வேண்டாம். பின்னால நின்னு கைதட்டு, போதும்" என்றேன்.

அவன் சரிங்க டீச்சர் என்றான். மறுநாள் பின்னால் நின்று தாளம் தவறாமல் கைதட்டினான். எங்கள் பள்ளிக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு கிடைத்ததால் நான் செய்தது சரி என்றே இருபத்தைந்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். பரிசுகளில் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்காகத் தாளவாடிக்குப் பஸ்ஸில் போனேன். திம்பம் மலைப்பாதையில் ஒரு லாரி வளைவில் சிக்கிக்கொண்டு, மேலேயும் கீழேயும் வண்டிகள் நின்றுவிட்டன. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவில் எதில் நின்றோம் என்று தெரியவில்லை. எல்லாரும் இறங்கிக் காற்று வாங்கினோம். எதிரே முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றிய ஒரு பிக்கப் வண்டி. அதை ஓட்டி வந்தவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்துவிட்டு ஓடி வந்தார். "டீச்சர், என்னைத் தெரியுதுங்களா?"

முகம் தெரியவில்லை. குரல் தெரிந்தது.

வீடு, பிள்ளைகள், கோஸ் விலை எல்லாம் பேசினோம். அவர் தமிழ் இப்போது என் தமிழைவிடச் சுத்தமாக இருந்தது. ழகரம் அவ்வளவு அழகாக வந்தது. நான் சும்மா இருக்காமல் கேட்டேன்: "இப்பவும் பாடறயா கண்ணு?"

அவர் சிரித்தார். "இல்லீங்க டீச்சர். அன்னைக்குக் கைதட்டச் சொன்னீங்கல்ல, அதோட கைதட்டறதோட சரிங்க."

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. தமாஷாகத்தான் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. லாரி நகர்ந்தது, ஹாரன் அடித்தார்கள். இரண்டு முட்டைக்கோஸை என் பையில் வைத்துவிட்டு ஓடினார். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை என்று எழுதலாம். உண்மை என்னவென்றால், நேரம் இருந்தது. வாய் வரவில்லை.

போன வாரம் அந்த வீடியோவில் டேவிட் ஆறுமுகத்தைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சின்னம்மா மட்டும் இல்லை. பினாங்கில் எங்கோ ஒரு மலாய் வாத்தியார், "தம்பி, உன் மலாய் சரியாக இல்லை, பின்னால் நின்று கைதட்டு" என்று அந்தச் சகோதரர்களிடம் சொல்லியிருந்தால்? அப்படிச் சொல்வதற்கு எத்தனை சந்தர்ப்பம் இருந்திருக்கும்! அதையெல்லாம் தாண்டி அவர்கள் மேடைக்கு வந்தார்கள், அந்த மக்களும் மைக்கைக் கொடுத்தார்கள். அதனால், தம்பி, உன் கேள்விக்கு என் பதில் இதுதான். அவர்கள் பாடியதில் அவர்களுக்குப் பெருமை. பாட விட்டதில் மலாய்க்காரர்களுக்குப் பெருமை. நமக்கு இதில் இருப்பது பெருமை இல்லை, ஒரு கேள்வி. நம் மொழிக்குள் பாட வருகிறவர்களுக்கு நாம் மைக்கைக் கொடுக்கிறோமா, கைதட்டச் சொல்கிறோமா?

சௌந்தரராஜனுக்கும் சுசீலாவுக்கும் வாசுதேவனுக்கும் கொடுத்தோம். கொடுத்ததால் நம் தமிழ் பெருகியது. நம் வகுப்பறைக்குள் வருகிற தாளவாடிப் பையனுக்கும், மலையிலிருந்து வருகிற சோளகர் வீட்டுப் பிள்ளைக்கும், மில்லிலும் செங்கல் சூளையிலும் வேலைக்கு வந்திருக்கிற பீகார், ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளைக்கும் கொடுக்கிறோமா? என் மாணவர்களில் பதினோரு பேர் இன்று ஆசிரியர்கள். உங்களைத்தான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகள் 'வாளைப்பளம்' என்று சொன்னால் சிரிக்காதீர்கள். திருத்துங்கள், கட்டாயம் திருத்துங்கள், அது நம் வேலை. ஆனால் திருத்தி முடியும் வரை பாட விடாமல் நிறுத்தி வைக்காதீர்கள். பாடப் பாடத்தான் நாக்கு மடங்கும். ழகரம் பிந்தி வரும். குரல் ஒரு தடவை போனால் திரும்பி வராது.

லோகநாதன் 2007 ஜூனில் புற்றுநோயால் காலமானார். இன்னும் அறுபதுகூட ஆகவில்லை. அவர்கள் குழுவின் புகழ்பெற்ற பாட்டு ஒன்றுக்குப் பெயர் 'அண்டைஞா ஆக்கு பெர்கி டூலு'. நான் முதலில் போய்விட்டால் என்று அர்த்தமாம். என் அண்ணன் மகன் சொன்னான். டேவிட் அதன் பிறகும் விடாமல் பாடிக்கொண்டிருக்கிறார். டத்தோ பட்டம் பெற்றவர். மூன்று பிரிச் சடையில் ஒரு பிரி போன பிறகு அந்தப் பாட்டுகளை மேடையில் பாடுவது எப்படி இருக்கும் என்று கூடப் பிறந்தவர்களை இழந்தவர்களுக்குத் தெரியும். அந்த வீடியோவில் அரங்கம் முழுக்கக் கூடப் பாடியது எனக்கு அதனால்தான் மனதைத் தொட்டது. காலியான இடத்தை எல்லாருமாகச் சேர்ந்து நிரப்புகிறார்கள்.

கடைசியாக ஒன்று. தாளவாடிப் பக்கமிருந்து இதைப் படிக்கிற பழைய மாணவர்கள் யாராவது இருந்தால், கோஸ் வண்டி ஓட்டுகிற உங்கள் வகுப்புத் தோழனிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள். பெயர் எழுத மாட்டேன். அவருக்குத் தெரியும். தை மாதம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் பொங்கல் வைக்கிறோம். மைக் செட் கட்டுவார்கள். வந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று டீச்சர் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். கன்னடத்தில் பாடினாலும் சரி, தமிழில் பாடினாலும் சரி.

இந்தத் தடவை பின்னால் நின்று கைதட்டுவது நான்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
சத்தியமங்கலம்